சுவரில் ஒரு கைத்தடம்

அன்பு நண்பனுக்கு,

உன் கடிதம் வந்து பதினைந்து நாளாகிறது. அப்பாவுக்குக் கண்புரை அறுவை நல்லபடியாக முடிந்ததில் மிகுந்த நிம்மதி. இங்கே அம்மா ஆனி மாதம் ஒரு விடியற்காலையில் குளியலறை வாசலில் விழுந்துவிட்டாள். தெய்வாதீனமாக இடுப்பு எலும்பு தப்பியது. இடது மணிக்கட்டில்தான் முறிவு.

மாவுக்கட்டுப் போட்டு அழைத்துவந்த நாளிலிருந்து 'நீ எழுந்திருக்காதே அம்மா' என்பதே என் பேச்சு. தண்ணீர், சோறு எல்லாம் கட்டிலுக்கே. ஆறு வாரம் கழித்துக் கட்டுப் பிரித்தபோது கை தேறியிருந்தது, கால் தளர்ந்திருந்தது. 'பாதுகாக்கிறேன் என்று காலைப் பட்டினி போட்டுவிட்டீர்களே' என்றார் இயன்முறை மருத்துவர். அரசின் 'மக்களைத் தேடி மருத்துவம்' திட்டத்தில் வீட்டுக்கே வந்தவர் அவர். நாற்காலியில் கையூன்றாமல் எழுவது, சமையல் மேடையைப் பிடித்தபடி குதிகாலை உயர்த்துவது என்று தினமும் பயிற்சி. நியூசிலாந்தில் ஒட்டாகோ என்ற இடத்தில் இதுபோன்ற பயிற்சிகளை முறைப்படுத்தி, முதியவர்கள் விழுவதை ஏறக்குறைய மூன்றில் ஒரு பங்கு குறைத்திருக்கிறார்கள்.

ஈரத்தில் வழுக்கியது என்றே நினைத்திருந்தோம். அம்மாவுக்கு மருந்து எழுதித் தரும் மருத்துவர் படுக்க வைத்து ரத்த அழுத்தம் பார்த்தார்: 150. எழுந்து நின்றதும் 124. நின்றதும் 20 இறங்கினாலே கவனிக்க வேண்டுமாம். சிறுநீரை அதிகம் பிரியவைக்கும் நீர் மாத்திரையை மாலையிலிருந்து காலைக்கு மாற்றினார். தூக்க மாத்திரையைப் படிப்படியாக நிறுத்தச் சொன்னார். இப்போது இரவில் ஒருமுறைதான் எழுகிறாள், அதுவும் கட்டில் ஓரத்தில் சற்று உட்கார்ந்துவிட்டு.

குளியலறைக்கு வெளியே கைப்பிடிக் கம்பி பொருத்தக் கொத்தனாரை வரச்சொல்லி, என் உயரத்துக்குக் கோடு போட்டுக்கொண்டிருந்தேன். அதற்கு ஒரு முழம் கீழே, வெள்ளைச் சுவரில் உள்ளங்கை அளவுக்கு எண்ணெய்க் கறுப்பு. அம்மா வந்து அதன்மேல் கையை வைத்தாள். அச்சாகப் பொருந்தியது. எத்தனை மாதமாகச் சுவரைப் பிடித்துக்கொண்டு நடந்தாளோ! தினமும் அந்த வழியாகத்தான் நான் போய்வருகிறேன். என் கண்ணில் படவே இல்லை. கம்பியை அங்கேயே பொருத்தினோம்.

காலையில் கொல்லைக்குப் போய் நந்தியாவட்டை பறிக்கிறாள். நான் தொடாமல் ஓரடி பின்னால் நடக்கிறேன்.

அப்பாவுக்குப் புதுக் கண்ணாடி வாங்கும்போது, வெளியே நடமாடத் தூரப்பார்வைக்கு மட்டும் தனியாக ஒன்று வேண்டுமா என்று கண் மருத்துவரிடம் கேள். கீழ்ப்பாதி படிப்பதற்கென்று இருக்கும் பைஃபோகல் கண்ணாடி போட்டுப் படி இறங்கினால் கீழ்ப்படி கலங்கித் தெரியும். அவர் அறையிலிருந்து குளியலறை வரைக்கும் சுவரையும் ஒருமுறை பார்த்துவிட்டு எனக்கு எழுது.

அன்புடன்,
உன் பழைய பெஞ்சுத் தோழன்