மானியம் இருக்கிறது என்பதற்காகச் சோலார் போட வேண்டாம்

அன்பான வாடிக்கையாளர்களுக்கு வணக்கம்.

சோலார் விற்கிற கடையே இப்படித் தலைப்பு வைக்கலாமா என்று சிரிப்பீர்கள். வீட்டு மாடியில் சோலார் போட மானியம் தரும் பிரதமரின் சூர்ய கர் திட்டம் 2024 பிப்ரவரியில் வந்ததிலிருந்து, தக்கலையில் எங்கள் படியேறுகிறவர்கள் முதலில் கேட்பது "மானியம் எவ்வளவு?" என்றுதான். 1 கிலோவாட்டுக்கு 30,000 ரூபாய், 2 கிலோவாட்டுக்கு 60,000, 3 கிலோவாட்டுக்கு 78,000. அதற்கு மேல் எவ்வளவு போட்டாலும் அதே 78,000தான். விலையில் கழித்துக்கொள்ளும் பணமும் அல்ல இது. முழுத் தொகையையும் கட்டி, இணைப்புக் கொடுத்து, ஆய்வு முடிந்த பிறகுதான் உங்கள் வங்கிக் கணக்குக்கு வரும்.

நாங்கள் முதலில் கேட்பது ஒரு வருடத்து மின் கட்டண ரசீதுகளை.

போன மாதம் ஒரு அம்மா ரசீதுகளை மஞ்சள் பையில் சுருட்டிக் கொண்டுவந்தார். இரண்டு மாதத்துக்கு 190 யூனிட். 100 யூனிட் இலவசம், மீதி 90 சலுகை விலை. 250 ரூபாய்கூட வரவில்லை. வருடத்துக்கு 1,500 ரூபாய்க்குள். எங்கள் விலையில் 1 கிலோவாட் போட்டால், மானியம் போக 45,000 ரூபாய் அவர் கைப்பணம். போட்ட பணம் திரும்ப முப்பது வருடத்துக்கு மேல் ஆகும். பேனல் தரும் மின்சாரத்தை வீட்டுக்கு ஏற்றதாக மாற்றும் இன்வெர்ட்டரோ பத்துப் பன்னிரண்டு வருடத்தில் மாற்ற வேண்டியது. "மக்களே, வியாபாரம் வேண்டாமா உனக்கு?" என்றார். 75 வாட் இழுக்கும் பழைய மின்விசிறிகள் இரண்டைக் கழற்றிவிட்டு, 35 வாட்டுக்குள் ஓடுபவற்றை மாட்டி அனுப்பினோம். அரசு ஏற்கெனவே மலிவாகத் தரும் யூனிட்டை இன்னொரு மானியம் வாங்கி மிச்சப்படுத்துவது வீண் வேலை.

இரண்டு மாதத்தில் 500 யூனிட்டைத் தாண்டுகிற வீடு வேறு கதை. 501ஆவது யூனிட்டுக்கு எட்டு ரூபாய்க்கு மேல் என்பது எல்லோருக்கும் தெரியும். அந்த ஒரு யூனிட்டால் 101 முதல் 200 வரை கிடைத்த சலுகையும் பறிபோய், பில் 200 ரூபாய்க்கு மேல் எகிறுவது பலருக்குத் தெரியாது. இரண்டு ஏசி, மோட்டார், கிரைண்டர் என்று 700 யூனிட் ஓடுகிற வீட்டுக்கு 3 கிலோவாட் போட்டால் ஐந்தாறு வருடத்தில் பணம் திரும்பிவிடும். சோலார் முதலில் வெட்டுவது உச்சியில் இருக்கும் விலை கூடிய யூனிட்டுகளை.

தென்னையைப் பற்றியும் சொல்ல வேண்டும். ஆரம்ப காலத்தில் ஒரு வீட்டில் காலையில் போய் அளந்துவிட்டு வந்தோம். மூன்று மணிக்கு மேல் பக்கத்து விளையின் ஓலை நிழல் ஒரு பேனலின் மூலையில் விழுந்ததைப் பார்க்கவில்லை. கையகல நிழல்தான், பேனல்கள் தொடராக இணைந்திருப்பதால் வரிசையின் உற்பத்தியே குறைந்துவிட்டது. எங்கள் செலவில் கழற்றி இடம் மாற்றினோம். இப்போது காலையும் மாலையும் மாடியேறிப் பார்க்காமல் விலை சொல்வதில்லை. குளச்சல், முட்டம் பக்கம் என்றால் உப்புக்காற்றுக்குத் தாங்காத இரும்புச் சட்டம் போடுவதில்லை. இரண்டு பருவமழையும் வாங்குகிற கன்னியாகுமரி மாவட்டம் இது. ஒரு கிலோவாட்டுக்கு நாளொன்றுக்கு நான்கு யூனிட் என்பது நல்ல வெயிலுக்குரிய கணக்கு.

"முப்பந்தலில் அத்தனை காற்றாலை சுற்றுகிறதே, நமக்கு ஏன் இந்தக் கட்டணம்?" என்றும் கேட்கிறீர்கள். முப்பந்தல் இருக்கும் ஆரல்வாய்மொழிக் கணவாயில் காற்று வலுப்பது மே முதல் செப்டம்பர் வரை. அந்தக் காற்றாலைகளில் பல, வெளியூர் ஆலைகள் போட்ட முதலீடு. 1990களில் காற்றாலைக்குப் போட்ட பணம் முழுவதையும் முதல் வருடமே தேய்மானமாகக் காட்டி வருமான வரியைக் குறைத்துக்கொள்ள முடிந்தது. பிறகு அது 80 சதவீதமாகி, 2017இல் 40 ஆனது. அங்கே சுற்றியதும் மானியம்தான், பெயர் வேறு. அந்தக் காற்றாலை மின்சாரம், மின் வாரியத்தின் கம்பி வழியே போய் அந்த ஆலைகளின் கணக்கில் கழிகிறது.

உங்கள் மாடிக்கும் அப்படியொரு சலுகை உண்டு. நண்பகலில் கம்பிக்குக் கொடுத்த யூனிட்டை இரவில் அதே கணக்கில் திரும்ப எடுக்கிறீர்கள். வீடுகளில் மின்சாரம் அதிகம் வேண்டியிருப்பது விளக்கு வைத்த பிறகுதான். நண்பகல் யூனிட்டும் இரவு யூனிட்டும் வாரியத்துக்கு ஒரே விலை அல்ல. இந்த விதி இருபத்தைந்து வருடம் இப்படியே இருக்கும் என்று நாங்கள் வாக்குக் கொடுப்பதில்லை.

இன்னொன்று: பேட்டரி இல்லாத சோலார், கரண்ட் போனால் தானும் நின்றுவிடும். கம்பத்தில் வேலை செய்கிறவரின் உயிருக்காகச் செய்த ஏற்பாடு அது. பழுது என்று நினைத்து இரவில் போன் செய்ய வேண்டாம்.

ரசீதுகளோடு வாருங்கள். ஞாயிறு விடுமுறை.

இப்படிக்கு,
உங்கள் சோலார் கடைக்காரர்,
தக்கலை