ராப் மேடையில் இந்த வசை இன்னும் எதற்கு?

ஆசிரியருக்கு,

ஒதுக்கப்பட்டவர்களின் குரலாக நியூயார்க்கின் பிராங்ஸ் பகுதியில் வளர்ந்த, ராப்பை உள்ளடக்கிய ஹிப்-ஹாப் இசை, தன்பாலின ஈர்ப்பாளர்களை இழிவுபடுத்தும் சொற்களை இத்தனை வருடம் சர்வசாதாரணமாகப் பாடிவந்ததை என்னால் ஏற்கவே முடியவில்லை. 2005-லேயே ராப் பாடகர் கான்யே வெஸ்ட் தொலைக்காட்சியில் இதை நிறுத்தச் சொன்னார். 2012-ல் பாடகர் ஃபிராங்க் ஓஷன் தன் முதல் காதல் ஓர் ஆண்மீது என்று எழுதினார். 2019-ல் ராப் பாடகர் லில் நாஸ் எக்ஸ், தன் பாட்டு அமெரிக்கப் பட்டியலில் முதலிடத்தில் இருந்தபோதே தான் தன்பாலின ஈர்ப்பாளர் என்று வெளிப்படையாகச் சொன்னார், ரசிகர்கள் ஓடிப்போகவில்லை. சரி, மாறிவிட்டது என்று நினைத்தால், 2021-ல் மயாமி மேடையில் ராப் பாடகர் டாபேபி தன்பாலின ஈர்ப்பாளர்களை இழிவாகப் பேசியது! கண்டனம் கிளம்பிய பிறகுதான் விழாக்கள் அவரை நீக்கின. இசை நிறுவனங்கள் பாட்டை வெளியிடும் முன்பே இப்படி இழிவுபடுத்தும் வரியை எடுக்கச் சொல்ல வேண்டும், விற்றுக் காசு பார்த்த பிறகு வரும் மன்னிப்பு அறிக்கை எங்களுக்கு வேண்டாம்.

ஒரு ராப் ரசிகன்