ஆய்வரங்க மேசையில் ஒரு கணக்கேட்டை விரியுங்கள்

காரைக்குடி வட்டாரத்தில் பொருளாதார வரலாற்று ஆய்வரங்கு நடத்தும் துறைத் தலைவர்களுக்கும் நெறியாளர்களுக்கும் வணக்கம்.

முதுகலை, முனைவர் பட்ட மாணவர்களுக்கான உங்கள் அரங்குகள் குறித்து எங்களுக்கு ஒரே ஒரு வேண்டுகோள். ஒவ்வோர் அமர்விலும் நாட்டுக்கோட்டைச் செட்டியார்களின் பழைய கணக்கேடு ஒன்றின் ஒரு பக்கத்தையாவது மேசையில் வைத்து, எல்லோரும் சேர்ந்து வரிவரியாகப் படியுங்கள். கட்டுரை அதற்குப் பிறகு வரட்டும்.

இன்று ஒரு மாணவர் 20 நிமிடம் திரையைப் பார்த்து வாசிக்கிறார். வரவேற்புரைக்கும் பொன்னாடைக்கும் போக மிஞ்சிய நேரத்தில் இரண்டு கேள்வி. அவர் சொன்ன எண் எந்த ஏட்டில், எந்தப் பக்கத்தில் இருக்கிறது என்று யாரும் கேட்பதில்லை. ரங்கூனுக்கும் பினாங்குக்கும் கொண்டுவிக்க, அதாவது கடல் கடந்து தொழில் செய்ய, போனவர்களின் ஊர்கள் பேருந்தில் அரை மணி தூரத்தில் இருக்கின்றன. அப்படியிருந்தும் மேற்கோளிலிருந்து மேற்கோள் எடுத்தே கட்டுரைகள் நிறைகின்றன. இது எங்களுக்கு வருத்தம் தருகிறது.

ஒரு பக்கத்தைப் படிப்பதில் என்ன இருக்கிறது என்று நினைக்க வேண்டாம். தலையில் பிள்ளையார் சுழி இருக்கும். அதே வடிவம்தான் கீழே தொகைப் பத்தியில் ௨ ஆகவும் வரும். ௧ என்பது ‘க’, ௭ என்பது ‘எ’, ௮ என்பது ‘அ’. ௫ ‘ரு’வைப் போலவே இருப்பதால் ரூபாய்க் குறியோடு குழம்பும். ௨௱௩௰௫ என்றால் 235. ௱, ௰ இரண்டையும் பூச்சியம் என்று எடுத்துக்கொண்டால் தொகை எங்கோ போய்விடும். ௳ நாள், ௴ மாதம், ௵ வருடம், ௶ பற்று, ௷ வரவு, ௸ மேற்படி. இவற்றை மனப்பாடம் செய்யச் சொல்வதைவிட ஒரு பக்கத்தைக் கூட்டிப் பார்க்கச் சொல்லுங்கள்: 12 பை ஓர் அணா, 16 அணா ஒரு ரூபாய். கூட்டல் ஏட்டிலுள்ள மொத்தத்தோடு ஒத்துவரவில்லை என்றால் முதலில் நம் வாசிப்பைத்தான் சந்தேகிக்க வேண்டும்.

அடுத்து ஆண்டு. ‘பிரமோதூத ௵ தை ௴’ என்று கண்டதும் 1930 என்று எழுதிவிடுகிறார்கள். பிரமோதூத வருடம் 1930 சித்திரையில் பிறந்தது. அதன் தை 1931 ஜனவரியில்தான் தொடங்கும். நெல் விலை சரிந்துகொண்டிருந்த காலத்தில் இந்த ஒரு வருடப் பிழை வாதத்தையே கவிழ்த்துவிடும். 60 ஆண்டுச் சுற்றில் இதே பெயர் 1870இலும் வந்திருக்கிறது. ஆகவே ஏட்டின் விலாசத்தையும் (கடையின் பெயரைக் குறிக்கும் தலைப்பெழுத்துகள்) அதில் வரும் ஆட்களின் பெயர்களையும் வைத்துச் சுற்றை உறுதி செய்த பிறகே ஆங்கில ஆண்டை எழுத வேண்டும்.

வட்டியிலும் இதே கதை. நடப்பு வட்டியை நூற்றுக்கு மாதம் இத்தனை அணா என்று குறிப்பார்கள். 10 அணா என்றால் ஆண்டுக்கு ஏழரை சதவீதம். அதைப் பத்து சதவீதம் என்று எழுதிய அட்டவணையால் பயனில்லை. தவணைதோறும் வட்டி அசலோடு சேர்ந்தால் கணக்கு இன்னும் கூடும். மலாயா ஏடுகளில் வெள்ளி (அந்நாட்டு டாலர்) வரும். 1906க்குப் பின் ஒரு வெள்ளி 2 சில்லிங் 4 பென்ஸ் (12 பென்ஸ் ஒரு சில்லிங்). ரூபாய் 1 சில்லிங் 4 பென்ஸாக இருந்தவரை ஒரு வெள்ளிக்கு ஒன்றே முக்கால் ரூபாய். 1927இல் ரூபாய் 1 சில்லிங் 6 பென்ஸ் ஆனதும் சுமார் 1.56 ரூபாய். ஒரே விகிதத்தை எல்லா ஆண்டுக்கும் போட்டால், இல்லாத நட்டம் ஏட்டில் தெரியும்.

இவ்வளவு நுணுக்கம் எதற்கு என்று கேட்கலாம். கீழ்ப் பர்மாவின் 13 முக்கிய நெல் மாவட்டங்களில், 1930இல் செட்டியார்கள் கையில் இருந்த நிலம் 6 சதவீதம். 1937இல் அது 25 சதவீதம். நிலத்துக்கு ஆசைப்பட்டுக் கடன் கொடுத்தார்கள் என்று ஒரு மாணவர் எழுதுகிறார்; விலை விழுந்து கடன் திரும்பாததால் நிலம் வந்து சேர்ந்தது என்று இன்னொருவர் எழுதுகிறார். இரண்டாவதே சரி என்பது எங்கள் கருத்து. ஆனால் அதை ஏட்டில் காட்ட வேண்டும். கடன்காரர் பேரில் வரவு எப்போது நின்றது, வட்டி எத்தனை தவணை ஏறியது, பாக்கி எந்தத் தேதியில் நிலக் கணக்குக்கு மாறியது என்று பேரேட்டில் தேடச் சொல்லுங்கள். பர்மா மாகாண வங்கி விசாரணைக் குழு 1929-30இல் மதிப்பிட்ட, செட்டியார்களின் 75 கோடி ரூபாய் முதலீட்டை 1935க்கும் அப்படியே எடுத்துச் செல்லும் கட்டுரைகளைத் திருப்பி அனுப்புங்கள். அது சரிவுக்கு முந்தைய கணக்கு.

அரங்கை நடத்தும் முறை எளிது. கட்டுரையை ஒரு வாரம் முன்பே எல்லோருக்கும் அனுப்பிவிடுங்கள். அரங்கில் எழுதியவர் அதை வாசிக்க வேண்டாம். வேறொரு மாணவர் 10 நிமிடத்தில் அதன் வாதத்தையும் பலவீனத்தையும் சொல்லட்டும். ஒன்றரை மணி நேரத்தில் முதல் 40 நிமிடம் ஏட்டுப் பக்கத்துக்கு. பன்னிரண்டு பேருக்கு மேல் சேர்த்தால் பின்வரிசைக்காரர்கள் பக்கத்தைப் பார்க்கவே மாட்டார்கள்.

ஏட்டை அரங்குக்குக் கொண்டுவர வேண்டாம், படம் போதும். வளவு வீட்டில் (பங்காளிகளுக்குப் பொதுவான பெரிய வீடு) ஒருவர் சரி என்றால் போதாது, பங்காளிகள் எல்லோரிடமும் எழுத்தில் ஒப்புதல் வாங்குங்கள். கடன்பட்ட குடும்பங்களின் பெயரை வெளியில் விடாதீர்கள். முதுகு விறைத்த ஏட்டை அழுத்தித் திறக்காமல், இருபுறமும் துணிச் சுருள் வைத்துத் தாங்கி, அளவுகோலோடு படம் எடுங்கள். இராமபாணப் பூச்சி அரித்த ஏட்டை முற்றத்து வெயிலில் காயப்போடுவதைக் கட்டாயம் தடுங்கள். தாள் மொறமொறவென்று ஆகி, மை வெளுத்துவிடும். படக் கோப்பின் பெயரில் விலாசம், ஏடு, பக்கம் மூன்றும் இருக்கட்டும்.

எழுத்துப்பெயர்ப்பு முடிந்ததும் ஒரு படியை அந்த வீட்டுக்குக் கொடுங்கள். பரணில் கிடப்பது என்னவென்று தெரியாததால்தான் பழைய தாள் கடைக்கு எடைக்குப் போகிறது.

இப்படிக்கு,
செட்டிநாட்டுக் கணக்கேடுகளைப் படித்துவரும் சிலர்