பதிவில் இல்லாத களவுகள்: பிரித்தானியத் தமிழ் அமைப்புகளின் நிர்வாகத்தினருக்கு ஒரு திறந்த மடல்

மதிப்புக்குரிய தமிழ்ப் பள்ளி, தமிழ்ச் சங்க, ஆலய நிர்வாகத்தினருக்கு,

வணக்கம்.

எங்கள் வட்டாரத்தின் அயல்புறப் பொலிஸ் குழு மூன்று மாதங்களுக்கு ஒரு தடவை நூலகத்தின் பின்னறையில் நடத்தும் கூட்டத்துக்கு நான் சில ஆண்டுகளாகப் போய்வருகிறேன். கடைசியாக நடந்த கூட்டத்தில் ஒன்பது பேர் இருந்தோம். தமிழர் என்று பார்த்தால் நான் ஒருவன்தான். அடுத்த மூன்று மாதங்களுக்கு எந்த மூன்று பிரச்சினைகளுக்குக் குழு முன்னுரிமை கொடுக்க வேண்டும் என்று சார்ஜன்ட் கேட்டார். ஆரம்பப் பாடசாலை வாசலில் கண்டபடி நிறுத்தப்படும் கார்கள், நடைபாதையில் ஓடும் மின்ஸ்கூட்டர்கள், பூங்காவில் இரவில் கூடிக் குடிப்பவர்கள் என மூன்றும் பத்து நிமிடத்தில் தாளில் ஏறிவிட்டன. நான் கையைத் தூக்கி, எங்கள் தெருவிலும் அடுத்த தெருவிலும் அந்த இலையுதிர் காலத்தில் மட்டும் நான்கு தமிழ் வீடுகளில் நகை களவு போனதைச் சொன்னேன். சார்ஜன்ட் மடிக்கணினியைத் திறந்து பார்த்துவிட்டு, பதிவில் ஒன்றுதான் இருக்கிறது என்று மரியாதையாகவே சொன்னார்.

மற்ற மூன்றும் எங்கே பதிவாகியிருந்தன என்பது எனக்குத் தெரியும். எங்கள் தெரு வட்ஸ்அப் குழுமத்தில், முறிந்த பூட்டின் படங்களாகவும் நள்ளிரவில் அனுப்பிய குரல் செய்திகளாகவும் அவற்றின் கீழே வரிசையாக விழுந்த கைகூப்பிய குறிகளாகவும் அவை இருந்தன. அந்தக் குழுமத்தை எந்தப் பொலிஸ் உத்தியோகத்தரும் வாசிப்பதில்லை. வாசிக்கவும் முடியாது.

அன்றைக்கு அங்கே வந்திருந்த மற்ற எட்டுப் பேர் மீதும் எனக்கு எந்தக் குறையும் இல்லை. அவர்கள் வந்தார்கள், பேசினார்கள், கேட்டதைப் பெற்றுக்கொண்டார்கள். இங்கிலாந்திலும் வேல்ஸிலும் இந்த ஏற்பாடு யாருடைய தயவிலும் நடப்பதல்ல. 2011ஆம் ஆண்டின் பொலிஸ் சீர்திருத்த, சமூகப் பொறுப்புச் சட்டத்தின் 34ஆம் பிரிவு, ஒவ்வொரு அயல்புறத்திலும் வாழும் மக்களுடைய கருத்தைக் குற்றங்களும் ஒழுங்கீனங்களும் குறித்துக் கேட்டறிவதையும், அப்பகுதியின் காவல் பணி பற்றிய தகவல்களை அவர்களுக்குக் கொடுப்பதையும், அவர்களோடு ஒழுங்காகக் கூட்டங்கள் நடத்துவதையும் பொலிஸ் தலைமை அதிகாரியின் கடமையாக்கியிருக்கிறது. 2025இல் அரசாங்கம் அறிவித்த அயல்புறக் காவல் உத்தரவாதம் இதற்கு மேலும் ஒரு படி சென்று, ஒவ்வோர் அயல்புறத்துக்கும் பெயர் சொல்லித் தொடர்புகொள்ளக்கூடிய ஓர் உத்தியோகத்தர் இருப்பார் என்றும், மக்கள் அந்தக் குழுவுக்கு அனுப்பும் வினாக்களுக்கு 72 மணித்தியாலங்களுக்குள் பதில் வரும் என்றும் வாக்களித்தது. வாக்களித்தபடி எல்லாம் நடக்கிறதா என்பது வேறு கேள்வி. கேட்கிறவர்கள் இருந்தால்தான் அதற்கு விடை கிடைக்கும்.

எங்கள் தெருவில் மூன்றாம் வீட்டு அக்காவின் கதையை, அவருடைய அனுமதியோடு, சற்று விரிவாகச் சொல்ல விரும்புகிறேன். ஒரு வெள்ளிக்கிழமை மாலை குடும்பத்தோடு கோயிலுக்குப் போய்விட்டு வந்தபோது பின்கதவு திறந்து கிடந்தது; பூட்டின் உருளை நடுவில் முறிக்கப்பட்டிருந்தது. தாலிக்கொடி, மகளின் சாமத்தியச் சடங்குக்குச் செய்த அட்டியல் எல்லாம் போனதோடு, அரிசி வாளிக்குள் புதைத்து வைத்திருந்த காப்புச் சோடியையும் விடவில்லை. எங்கள் வீடுகளில் நகை எங்கெங்கே இருக்கும் என்பதை எங்கள் பிள்ளைகளைவிடக் கள்ளர்கள் நன்றாக அறிந்திருக்கிறார்கள். நான் மறுநாள் காலை போனபோது அக்கா வீடு முழுவதையும் கூட்டித் துடைத்து மஞ்சள் தண்ணீர் தெளித்திருந்தார். கள்ளன் தொட்ட இடத்தை அப்படியே விடக்கூடாது என்பது அவருடைய எண்ணம். அந்தத் துடைப்பில் கைரேகையும் போயிருக்கும். ஏன் முறைப்பாடு கொடுக்கவில்லை என்று கேட்டதற்கு, “போனது திரும்பி வரவா போகுது தம்பி, பொலிஸ் வந்தால் எங்களைத்தான் விசாரிக்கும்” என்றார்.

இந்தப் பதிலை அறியாமை என்று ஒதுக்கிவிட என்னால் முடியாது. ஊரில் பொலிஸ் நிலையத்துக்குப் போன ஒருவர் திரும்பி வரும்வரை வீட்டில் சோறு இறங்காத காலத்தில் வளர்ந்தவர்கள் நாங்கள். வதிவிட அனுமதி உறுதியாகாதவர்களின் அச்சத்துக்கு இந்த நாட்டிலேயே காரணம் உண்டு: குற்றத்துக்கு ஆளானவர்களின் விவரங்கள் குடிவரவு அதிகாரிகளுக்குப் போவது பற்றிய முறைப்பாடு ஒன்றை ஆராய்ந்த பொலிஸ் மேற்பார்வை அமைப்புகளே, வீட்டு வன்முறைக்கு ஆளானவர்களைப் பொறுத்தவரை அதை நிறுத்த வேண்டும் என்று 2020இல் பரிந்துரைத்தன. அத்தகைய நிலையில் இருப்பவர் முதலில் ஒரு சட்டத்தரணியிடம் பேசுவதே நல்லது. குற்றம் செய்தவரைப் பற்றித் தெரிந்ததை மட்டும் சொல்ல விரும்புபவர், பொலிஸைச் சாராத கிரைம்ஸ்டொப்பர்ஸ் அமைப்பின் 0800 555 111 என்ற எண்ணுக்குப் பெயர் சொல்லாமலே அழைக்கலாம். ஆனால் அக்கா இந்த நாட்டுக் குடியுரிமை பெற்று இருபது ஆண்டுகள் ஆகின்றன. அவரைத் தடுத்தது பழைய பயம். அதற்கு மேல், பதிந்து என்ன பயன் என்ற அலுப்பு.

பதிந்திருந்தால் என்ன நடந்திருக்கும் என்று நான் எனக்குள்ளே பல தடவை கணக்குப் போட்டுப் பார்த்திருக்கிறேன். நகை வந்திருக்கும் என்று சொல்ல மாட்டேன். ஆனால் நான்கு வீட்டு விவரங்களும் ஒரே மேசையில் இருந்திருந்தால், நான்கும் வெள்ளிக்கிழமை மாலையில் கோயில் நேரத்தில் நடந்தவை, நான்கிலும் கள்ளர் வந்தது வீடுகளுக்குப் பின்னாலுள்ள இருட்டு ஒழுங்கையால், நான்கிலும் முறிந்தது ஒரே வகைப் பூட்டு என்பது யாருடைய கண்ணிலும் பட்டிருக்கும். இந்தக் குழுக்களுக்குக் கற்பிக்கப்படும் வேலைமுறையே அதுதான்: தனித்தனிச் சம்பவங்களின் பின்னால் ஓடாமல், அவற்றின் அடியில் இருக்கும் பிரச்சினையைக் கண்டு, காரணத்தை ஆராய்ந்து, அதற்கேற்ப எதையாவது செய்து, செய்தது பலித்ததா என்று திரும்பிப் பார்ப்பது. ஹெர்மன் கோல்ட்ஸ்டைன் என்ற அமெரிக்கப் பேராசிரியர் 1979இல் முன்வைத்த சிந்தனை இது. எங்கள் தெருவுக்கு அதைப் பொருத்தினால், ரோந்து வெள்ளிக்கிழமை மாலைக்கு மாறியிருக்கும். ஒழுங்கைக்குக் கதவு போடும்படியும் விளக்கு வைக்கும்படியும் கவுன்சிலிடம் பொலிஸே கேட்டிருக்கும். பொலிஸின் சமூக ஆதரவு உத்தியோகத்தர் (PCSO) ஒருவர் வீடு வீடாக வந்து, எளிதில் முறிக்க முடியாதபடி செய்யப்பட்ட மூன்று நட்சத்திரக் குறியுள்ள பூட்டு உருளைக்கு மாறச் சொல்லியிருப்பார். ஒரு பதிவை வைத்துக்கொண்டு இதில் எதையும் செய்ய முடியாது.

தெற்காசியக் குடும்பங்களிடமிருந்து ஐந்து ஆண்டுகளில் சுமார் 14 கோடி பிரித்தானியப் பவுண் பெறுமதியான தங்க நகைகள் களவு போயிருந்ததாக பிபிசி 2019இல் செய்தி வெளியிட்டது. அது பொலிஸ் பதிவுகளிலிருந்து திரட்டிய தொகை. எங்கள் அக்காவின் அட்டியல் போன்றவை அதில் சேராது.

நகை மட்டும் அல்ல. பக்கத்து வீட்டாரின் தொல்லை, வாசலில் குப்பை கொட்டுவது, பிள்ளைகளைப் பார்த்து இனவாதச் சொற்களைக் கத்துவது போன்றவை தொடர்ந்து நடந்தும் ஒன்றும் செய்யப்படவில்லையென்றால், சமூக விரோத நடத்தை, குற்றம், காவல் பணி பற்றிய 2014ஆம் ஆண்டுச் சட்டப்படி அந்த விவகாரத்தை மீளாய்வு செய்யும்படி பாதிக்கப்பட்டவர் கோரலாம். பொலிஸும் கவுன்சிலும் மற்ற அமைப்புகளும் கூடி அதைப் பரிசீலிக்க வேண்டும். மீளாய்வு கோர எத்தனை முறைப்பாடுகள் வேண்டும் என்ற எல்லையை ஒவ்வொரு பகுதியும் தானே வகுத்துக்கொள்ளலாம் என்றாலும், ஆறு மாதங்களில் மூன்று முறைப்பாடுகள் என்பதற்கு மேல் அதைக் கடினமாக்க முடியாது. இங்கும் எண்ணப்படுவது கொடுக்கப்பட்ட முறைப்பாடுதான். பொறுத்துக்கொண்ட நாட்கள் எண்ணப்படுவதில்லை.

பொலிஸ் தரப்பில் குறையே இல்லை என்று நான் எழுதினால் நீங்கள் சிரிப்பீர்கள். அவசரமில்லாத விடயங்களுக்கான பொலிஸ் எண்ணான 101ஐ அழைத்துவிட்டுக் காத்திருந்து அலுத்துப் போனவர்களில் நானும் ஒருவன். பழகிய உத்தியோகத்தர் ஒருவர் திடீரென்று வேறு வேலைக்கு இழுக்கப்பட்டு, அடுத்த கூட்டத்தில் புதிய முகம் ஒன்று ஆரம்பத்திலிருந்து எல்லாவற்றையும் கேட்கத் தொடங்குவதும் வழமையாகிவிட்டது. 2010இல் இங்கிலாந்திலும் வேல்ஸிலும் ஏறக்குறைய 17,000 ஆக இருந்த சமூக ஆதரவு உத்தியோகத்தர்களின் தொகை பிந்திய ஆண்டுகளில் பாதியளவுக்குத் தேய்ந்துவிட்டது. ஆட்கள் குறையும்போது, சத்தமாகக் கேட்கிறவர்களின் தெருவுக்கே அவர்கள் போவார்கள் என்பது எனக்குக் கோபத்தை விடக் கவலையையே தருகிறது.

ஆனால் நமது தரப்பிலும் ஒரு பழக்கம் இருக்கிறது, அதைச் சொல்லாமல் இந்த மடலை முடிக்க முடியாது. தேர்த் திருவிழாவுக்கும் ஆண்டு விழாவுக்கும் பொலிஸ் உத்தியோகத்தர்களை அழைக்கிறோம், பொன்னாடை போர்த்துகிறோம், படம் எடுத்து மலரில் போடுகிறோம். அவர்களுக்கும் அந்தப் படம் தேவைப்படுகிறது, எங்களுக்கும் தேவைப்படுகிறது. சென்ற மூன்று மாதங்களில் எங்கள் பகுதியில் என்ன செய்தீர்கள் என்று அந்த மேடையில் எவரும் கேட்பதில்லை, கேட்கும் இடமும் அதுவல்ல.

ஆகவே, பொன்னாடைக்குப் பதிலாக அரை மணித்தியாலம் கேட்கிறேன். சனிக்கிழமை தமிழ்ப் பள்ளி நடக்கும்போது பெற்றோர் பலர் மண்டபத்திலும் கார்களிலும் சும்மா காத்திருக்கிறார்கள். அந்த நேரத்தில் உங்கள் பகுதி அயல்புறக் குழுவின் உத்தியோகத்தர் ஒருவரை, பேச்சு எதுவும் இல்லாமல், ஒரு மேசையும் நான்கு கதிரைகளும் போட்டு உட்காரவையுங்கள். பக்கத்தில் மொழிபெயர்க்க ஒருவர் இருக்கட்டும். பெண்கள் தனியாகப் பேச இன்னோர் அறை இருக்கட்டும், ஏனெனில் வீட்டுக்குள் நடப்பதை எவரும் மண்டபத்தின் நடுவில் சொல்ல மாட்டார்கள். குழுவின் ஒழுங்கான கூட்டத்துக்கு நிர்வாகத்திலிருந்து ஒருவர் முறை வைத்துப் போய், சென்ற தடவை எழுதிய மூன்று முன்னுரிமைகள் என்னவாயின என்று முதல் கேள்வியாகக் கேட்கட்டும். உங்கள் வட்ஸ்அப் குழுமங்களில் ஒரு சிறு விதியும் வையுங்கள்: களவுச் செய்தி போடுகிறவர் பொலிஸ் கொடுத்த குற்ற இலக்கத்தையும் சேர்த்துப் போட வேண்டும். இலக்கம் இல்லையென்றால், கைகூப்புவதற்கு முன் யாராவது ஒருவர் அவர் வீட்டுக்குப் போய், இணையத்திலோ 101இலோ முறைப்பாட்டைப் பதிய உதவட்டும். கள்ளன் வீட்டுக்குள் நிற்கும்போதோ எவருக்காவது ஆபத்து இருக்கும்போதோ 999. அதை எல்லோரும் அறிவார்கள்.

பதிந்தால் உங்கள் வீடு எல்லோருக்கும் தெரிந்துவிடும் என்று அஞ்சுகிறவர்களுக்கு ஒன்று சொல்லுங்கள்: police.uk என்ற பொலிஸ் இணையத்தளத்தின் குற்ற வரைபடத்தில் வீட்டு இலக்கம் வருவதில்லை, அண்ணளவான ஓர் இடமே காட்டப்படுகிறது. அதே தளத்தில் அஞ்சல் குறியீட்டைக் கொடுத்தால் உங்கள் பகுதிக் குழு எது என்பதும், அவர்களோடு தொடர்புகொள்ளும் வழியும் கிடைக்கும்.

எங்கள் பகுதியின் அடுத்த கூட்டத்துக்கு மொழிபெயர்ப்பாளனாக நான் வருகிறேன். அயலூர்ப் பள்ளிகள் கேட்டாலும் வருவேன். கூட வேறு ஒரு பெண்ணும் வந்தால் தானும் வந்து அந்த வெள்ளிக்கிழமையைப் பற்றிச் சொல்வதாக மூன்றாம் வீட்டு அக்கா சம்மதித்திருக்கிறார். அந்த இன்னொருவரைத்தான் உங்களிடம் கேட்கிறேன்.

இங்ஙனம்,
நூலகத்தின் பின்னறைக் கூட்டத்துக்குப் போய்வரும் ஒருவன்