அக்கா, தங்கை, 25 வாரம்

அன்பு நண்பா,

உன் கடிதம் கிடைத்தது. 1947 ஆஸ்கர் இரவில் எடுத்த அந்த ஃபோட்டோவைப் பார்த்துவிட்டு, கூடப்பிறந்தவர்களுக்குள் இவ்வளவு பகையா என்று கேட்டிருந்தாய். பகை இருந்தது உண்மைதான். இருவருமே ஹாலிவுட் நடிகைகள். தங்கை ஜோன் ஃபான்டெய்ன் வாழ்த்துச் சொல்லக் கை நீட்டினார், அக்கா ஒலிவியா டி ஹாவிலண்ட் முகத்தைத் திருப்பிக்கொண்டார். 1942-இல் இருவரும் ஒரே விருதுக்குப் போட்டியிட்டு, தங்கை ஜெயித்தது அதற்கு முந்தைய கதை. ஆனால் அன்று அக்கா கையில் இருந்த சிலைக்குப் பின்னால் தங்கையைவிடப் பெரிய எதிராளி ஒருவர் இருந்தார். அவர் ஒலிவியா ஒப்பந்தத்தில் இருந்த வார்னர் பிரதர்ஸ் ஸ்டுடியோவின் முதலாளி ஜாக் வார்னர்.

அந்தக் காலத்து ஸ்டுடியோ ஒப்பந்தம் ஏழு வருடத்துக்கு. கொடுத்த வேடம் பிடிக்கவில்லை என்று நடிகை மறுத்தால் 'சஸ்பென்ஷன்'. சம்பளம் கிடையாது, வெளியே வேறு படத்திலும் நடிக்கக் கூடாது. அதோடு விடவில்லை. சும்மா இருந்த நாட்களை எல்லாம் எண்ணி, ஒப்பந்தத்தின் கடைசியில் ஒட்டவைத்தார்கள். மறுக்க மறுக்க ஏழு வருடம் நீண்டுகொண்டே போகும். ஒலிவியாவின் ஒப்பந்தம் 1943-இல் முடிந்தபோது, இன்னும் 25 வாரம் பாக்கி என்றது வார்னர் பிரதர்ஸ்.

இதே ஸ்டுடியோவோடு 1936-இல் இன்னொரு நடிகை பெட்டி டேவிஸ் மோதித் தோற்றிருந்தார். நம் சட்டக் கல்லூரிகளில் ஒப்பந்தச் சட்டத்தில் 'வார்னர் பிரதர்ஸ் எதிர் நெல்சன்' என்று படிக்கிறார்களே, அந்த நெல்சன் இவர்தான். கணவர் வழி வந்த குடும்பப் பெயரில் இவர்மேல் வழக்கு. ஒப்பந்தம் ஓடிக்கொண்டிருக்கும்போதே இங்கிலாந்துக்குப் போய் வேறொருவர் படத்தில் நடிக்கப் பார்த்தார். வேறெங்கும் நடிக்கமாட்டேன் என்று கையெழுத்துப் போட்டிருக்கிறீர்களே என்று லண்டன் நீதிமன்றம் தடை விதித்துவிட்டது. திரும்பி வந்து அதே ஸ்டுடியோவில் நடித்தார்.

ஒலிவியா பாதியில் முறிக்கவில்லை. காலண்டரில் ஏழு வருடம் முடியும்வரை பொறுத்திருந்தார். பிறகுதான் தன் ஊர்ச் சட்டத்தைக் கையில் எடுத்தார். ஒருவரை ஏழு வருடத்துக்கு மேல் வேலை ஒப்பந்தத்தில் கட்டிவைக்க முடியாது என்கிறது கலிபோர்னியாவின் தொழிலாளர் சட்டம், 2855-ஆம் பிரிவு. ஏழு வருடம் என்றால் வேலை செய்த நாட்களின் கூட்டலா, காலண்டர் கணக்கா? வழக்கே இந்த ஒரு கேள்விதான். 1944 டிசம்பரில் மேல்முறையீட்டு நீதிமன்றம் காலண்டர் கணக்குதான் என்றது. அடுத்த வருடத் தொடக்கத்தில் மாநில உச்ச நீதிமன்றமும் தலையிட மறுத்தது. வழக்கு நடந்தபோது இவருக்கு வேலை கொடுக்காதீர்கள் என்று ஜாக் வார்னர் மற்ற ஸ்டுடியோக்களுக்கு எழுதிக்கொண்டே இருந்தார். மார்க்கெட் உச்சத்தில் இருந்த நடிகை கிட்டத்தட்ட இரண்டு வருடம் கேமரா முன்னால் நிற்கவில்லை. வெளியே வந்து பாரமவுண்ட்டுக்கு நடித்த படத்துக்குத்தான் அந்த 1947 ஆஸ்கர். தங்கை நீட்டிய கையைப் பற்றாததை நான் நியாயப்படுத்தவில்லை. ஆனால் அந்த ஃபோட்டோவில் பகையை மட்டும் பார்ப்பது அவருக்குச் செய்யும் அநியாயம்.

நடிகை ஜோன் க்ராஃபோர்டுக்கும் பெட்டி டேவிஸுக்கும் இருந்த பகை பற்றியும் கேட்டிருந்தாய். 1962-இல் 'பேபி ஜேன்' படத்தில் சேர்ந்து நடித்தார்கள், ஆஸ்கர் பரிந்துரை பெட்டிக்கு மட்டும் வந்தது. விழாவுக்கு வர முடியாத நடிகை ஜெயித்தால் அவர் சார்பில் யாராவது மேடையேறி வாங்குவது அந்நாளில் வழக்கம். க்ராஃபோர்ட் அதைப் பிடித்துக்கொண்டார். மற்ற போட்டியாளர்களைத் தொடர்புகொண்டு, உங்களுக்காக நான் வாங்கித் தருகிறேன் என்றார். நியூயார்க்கில் நாடகத்தில் இருந்த ஆன் பேங்க்ராஃப்ட் சம்மதித்தார், விருதும் அவருக்கே வந்தது. மூன்றாவது ஆஸ்கரை எதிர்பார்த்து மேடைக்குப் பின்னால் நின்ற பெட்டியைக் கடந்துபோய், சிலையை வாங்கியது க்ராஃபோர்ட்!

1964-இல் அதே இயக்குநர் ராபர்ட் ஆல்ட்ரிச் 'ஹஷ்... ஹஷ், ஸ்வீட் ஷார்லட்' படத்துக்காக இருவரையும் மறுபடி ஜோடி சேர்த்தார். படப்பிடிப்பு நடுவில் க்ராஃபோர்ட் உடம்பு சரியில்லை என்று ஆஸ்பத்திரியில் சேர்ந்தார், படம் நின்றது. ஐரோப்பாவில் இருந்த ஒலிவியாவை நேரில் போய்ச் சம்மதிக்கவைத்து அழைத்து வந்தார் ஆல்ட்ரிச். வார்னர் காலத்திலிருந்தே பெட்டிக்கு ஒலிவியாவோடு நல்ல பழக்கம். 1942-இல் சேர்ந்து நடித்த இருவரும் இந்தப் படத்தில் மறுபடி சேர்ந்தார்கள். ஒரே முதலாளியிடம் ஒருவர் தோற்று, ஒருவர் ஜெயித்த அந்த இரண்டு பேரையும் ஒரே ஃபிரேமில் பார்க்கலாம். கிடைத்தால் பார்த்துவிட்டு எழுது.

அன்புடன்,
உன் நண்பன்