நம் தண்டவாளத்தை அளந்தது எந்தக் குதிரை?

ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். கடந்த ஞாயிறு இணைப்பில் வந்த 'உலக ரயில் விநோதங்கள்' பெட்டிச் செய்தியைப் பேரன் உரக்க வாசித்துக் காட்டினான். பாதி வரை ரசித்துத்தான் கேட்டேன். 'ரோமானியத் தேரில் பூட்டிய இரண்டு குதிரைகளின் பின்புற அகலம்தான் தண்டவாளங்களின் அகலம்; அமெரிக்க விண்வெளி ஓடத்தின் ராக்கெட் அளவும் அதனால்தான் அப்படி அமைந்தது' என்ற இடம் வந்ததும் காபி டம்ளரைக் கீழே வைத்துவிட்டேன். இருப்புப் பாதைப் பிரிவில் 34 ஆண்டுகள் வேலை பார்த்து, பாதை ஆய்வாளராக ஓய்வு பெற்றவன் நான். இரு தண்டவாளங்களுக்கு நடுவே உள்ள இடைவெளியைச் சரிபார்க்க அகல ரயில் பாதையில் நான் வைத்து அளந்த கேஜ் கோல் 1676 மில்லிமீட்டர், அதாவது ஐந்தரை அடி. ரோமாபுரிக் குதிரை அவ்வளவு பருமனா என்று பேரன் கேட்கிறான். செய்தி எழுதியவர்தான் அவனுக்குப் பதில் சொல்ல வேண்டும்.

அந்தக் கதையில் குதிரை மட்டும் நிஜம். வடகிழக்கு இங்கிலாந்தின் நிலக்கரிச் சுரங்கங்களில் கரி வண்டிகளைக் குதிரைகள் இழுத்தன. அவற்றுக்காகப் பாதை போட்டிருந்தார்கள். அங்கே கில்லிங்வொர்த் சுரங்கத்தில் வேலை பார்த்த ரயில் பொறியாளர் ஜார்ஜ் ஸ்டீபன்சனுக்குக் கைவந்த அகலம் 4 அடி 8 அங்குலம். 1825இல் திறந்த ஸ்டாக்டன்–டார்லிங்டன் ரயில் பாதைக்கும் அதையே எடுத்துக்கொண்டார். சக்கரம் இறுகாமல் ஓடுவதற்காகப் பிறகு அரை அங்குலம் கூட்டினார்கள். 4 அடி எட்டரை அங்குலம், அதாவது 1435 மில்லிமீட்டர் வந்த வழி இதுதான். சுரங்கத்துக்குச் சுரங்கம் அகலம் மாறிய காலம் அது. ஸ்டீபன்சன் வேறொரு சுரங்கத்தில் வேலைக்குச் சேர்ந்திருந்தால் கணக்கே வேறாகியிருக்கும்.

அவர் நாட்டிலேயே அவரை ஏற்காதவர் ஒருவர் இருந்தார். கிரேட் வெஸ்டர்ன் ரயில்வேயின் பொறியாளர் புரூனெல், 7 அடி கால் அங்குல அகலத்தில் பாதை போட்டார். இரண்டு அகலங்களும் சந்தித்த குளோஸ்டர் நிலையத்தில் மூட்டை முடிச்சுகளை ஒரு ரயிலிலிருந்து இறக்கி மறு ரயிலில் ஏற்றினார்கள். சண்டை நாடாளுமன்றம் வரை போய், 1846இல் சட்டம் ஸ்டீபன்சன் பக்கம் சாய்ந்தது. ஆனால் அகலப் பாதையின் கடைசித் துண்டை மாற்ற 1892 மே மாதம் வரை ஆயிற்று. அந்த வேலையைப் பற்றிப் படிக்கும்போதெல்லாம் எனக்குக் கை துறுதுறுக்கும். நாலாயிரத்துக்கும் மேற்பட்ட ஆட்கள், ஏறக்குறைய 275 கிலோமீட்டர் பாதை, ஒரே வார இறுதி! தண்டவாளத்தைப் பெயர்த்து உள்ளே நகர்த்தி மறுபடி இறுக்கியிருக்கிறார்கள். அவர்களுக்குக் குடிக்கக் கொடுத்தது சாராயம் இல்லை. ஓட்ஸ் மாவும் சர்க்கரையும் கரைத்த தண்ணீர். சித்திரை வெயிலில் எங்கள் கேங் ஆட்கள் தூக்குவாளியில் கொண்டுவந்த கம்பங்கூழ்தான் நினைவுக்கு வருகிறது.

அமெரிக்காவின் தென் மாநிலங்கள் இதற்கும் முன்பே, 1886இல், இரண்டே நாளில் ஏறக்குறைய 18,500 கிலோமீட்டரை மாற்றிவிட்டன. ஒரு பக்கத் தண்டவாளத்தை மூன்று அங்குலம் உள்ளே தள்ளினால் போதும் என்பதால் அது முடிந்தது.

ஆஸ்திரேலியாவில் நடந்த கூத்துக்கு ஒருவருடைய சம்பளம் காரணம். நியூ சவுத் வேல்ஸின் ஐரிஷ் பொறியாளர் தம் நாட்டு அகலமான 5 அடி 3 அங்குலத்தைச் சொன்னார். பக்கத்து விக்டோரியாவும் ஒப்புக்கொண்டது. சம்பளத்தைக் குறைத்ததும் அவர் வேலையை உதறிவிட்டுப் போய்விட்டார். அடுத்து வந்தவர் ஸ்காட்லாந்துக்காரர். அவர் 4 அடி எட்டரை அங்குலம் என்று மாற்றிவிட்டார். விக்டோரியாவோ அதற்குள் வண்டிகளுக்கு ஆர்டர் கொடுத்திருந்தது. விளைவு, சிட்னிக்கும் மெல்போர்னுக்கும் நடுவே உள்ள ஆல்பரியில் பயணிகள் 1962 வரை இறங்கி ரயில் மாறினார்கள்.

நம் கதை சந்தை பேரம் மாதிரி. லண்டனில் இருந்த கிழக்கிந்தியக் கம்பெனி இயக்குநர்கள் ஸ்டீபன்சன் அகலம் போதும் என்றார்கள். கவர்னர் ஜெனரல் டல்ஹௌசி 6 அடி கேட்டார். ஐந்தரையில் முடிந்தது. பிறகு மேயோ பிரபு வைஸ்ராயாக இருந்தபோது செலவைக் குறைக்கக் குறுகிய பாதை தேடினார்கள். மூன்றேகால் அடி என்று பேச்சு நடந்தபோதே, இந்தியாவுக்கு மெட்ரிக் அளவைக் கொண்டுவரும் யோசனையும் இருந்தது. எனவே சற்றே நீட்டி முழு மீட்டர் ஆக்கினார்கள். 1871இல் போட்ட மெட்ரிக் சட்டம் ஏட்டோடு நின்றுவிட்டது. தண்டவாளத்தில் மட்டும் மீட்டர் தங்கியது. கடைத்தெருவில் கிலோ தராசு வந்தது சுதந்திரத்துக்குப் பிறகுதான்.

என் வேலையில் நான் மறக்காத ஒன்று. நாகப்பட்டினத்திலிருந்து திருச்சிக்கு 1860களின் தொடக்கத்தில் முதலில் போட்டதே அகலப் பாதைதான். அடுத்த பத்தாண்டில் அதைப் பெயர்த்து மீட்டர் கேஜாக்கினார்கள். தொண்ணூறுகளில் தஞ்சாவூர்ப் பக்கம் மீண்டும் அகலமாக்கியபோது, சிலீப்பர் கட்டை இறக்கிக்கொண்டிருந்த மேஸ்திரியிடம் இதைச் சொன்னேன். கேலி செய்கிறேன் என்று நினைத்து ஒரு வாரம் என்னோடு சரியாகப் பேசவில்லை.

டிராம் பக்கம் போனால் கிளாஸ்கோதான் எனக்குப் பிடித்தது. அங்கே டிராம் பாதையை ஸ்டீபன்சன் அகலத்தைவிட வேண்டுமென்றே முக்கால் அங்குலம் குறைத்துப் போட்டிருந்தார்கள். டிராம் தண்டவாளத்தில் ஒரு பள்ளம் இருக்கும் அல்லவா? ரயில் வேகனின் சக்கர விளிம்பு அந்தப் பள்ளத்துக்குள் இறங்கி, விளிம்பின் மேலேயே உருண்டு போக அந்தக் குறைப்பு வசதியாக இருந்தது. கப்பல் கட்டும் தளத்துக்கு இரும்பு ஏற்றிய வேகன்கள் இப்படித் தெருவிலேயே போய்வந்தன. ரோமானியக் குதிரைக்குப் பதில் இதைப் போட்டிருக்கலாம். அல்லது சான் பிரான்சிஸ்கோ வட்டாரத்தில் 1972இல் ஓடத் தொடங்கிய 'பார்ட்' நகர ரயிலைச் சொல்லியிருக்கலாம். அதன் அகலம் நம்முடைய அதே ஐந்தரை அடி! கோல்டன் கேட் பாலத்தின் மேல் ஓட்டும் எண்ணத்தில், காற்றுக்கு ஆடாமல் இருக்க அகலம் கூட்டினார்கள் என்பார்கள். பாலத்தின் மேல் ரயில் போகவே இல்லை.

சென்னை வாசகர்கள் இவ்வளவு தூரம் போக வேண்டாம், எழும்பூருக்குப் போனால் போதும். மேலே ஓடுவது 1676 மில்லிமீட்டர். பூமிக்கு அடியில் மெட்ரோ ஓடுவது ஸ்டீபன்சனின் 1435. 2004 வரை மீட்டர் கேஜ் மின்சார ரயிலும் அங்கே ஓடியது.

பெட்டிச் செய்திக்கு ஒரு வரித் திருத்தம் போடுமாறு கேட்டுக்கொள்கிறேன். பழைய இரும்போடு காசு கொடுத்து வாங்கிய மீட்டர் கேஜ் கோல் ஒன்று எங்கள் பரணில் கிடக்கிறது. (ரசீது இருக்கிறது.) நேற்று பேரன் அதை இறக்கி வீட்டு வாசற்படியில் வைத்துப் பார்த்தான். எங்கள் வாசல் மீட்டர் கேஜுக்கும் நான்கு விரற்கடை குறைவாம்.

இப்படிக்கு,
ஓய்வுபெற்ற இருப்புப் பாதை ஆய்வாளர்,
பொன்மலை, திருச்சி.