நாலாயிரம் வெள்ளியைத் தாண்டினால் ஓவர்டைம் கிடையாதா?

மாண்புமிகு மனிதவள அமைச்சர் அவர்களுக்கு,

வணக்கம். பினாங்கு, பாயான் லெப்பாஸில் ஒரு தொழிற்சாலையின் சம்பளப் பிரிவில் வேலை பார்க்கிறேன். ஓவர்டைம் யாருக்குப் போட வேண்டும், யாருக்குப் போட வேண்டியதில்லை என்று மாதாமாதம் பிரிப்பது என் பொறுப்பு.

நம் மலேசியாவின் 1955ஆம் ஆண்டு வேலைவாய்ப்புச் சட்டம், 2023 ஜனவரி 1 முதல் சம்பள வித்தியாசம் பார்க்காமல் எல்லா ஊழியர்களுக்கும் பொருந்துகிறது. வாரத்துக்கு 45 மணி நேரம், 98 நாள் பிரசவ விடுப்பு எல்லாம் மாதம் பத்தாயிரம் வெள்ளி (ரிங்கிட்) வாங்குபவருக்கும் உண்டு. நல்ல திருத்தம்தான். ஆனால் மாதச் சம்பளம் 4,000 வெள்ளிக்கு மேல் போனால் ஓவர்டைம், ஓய்வு நாள், பொது விடுமுறை வேலைக்கான கூடுதல் ஊதியத்தை அதே சட்டம் கைவிட்டுவிடுகிறது. உடலுழைப்புத் தொழிலாளர்களுக்கு இந்த வரம்பு இல்லை. மாட்டிக்கொள்வது கணினி முன்னால் உட்கார்ந்திருப்பவர்கள்.

கணக்கைப் பாருங்கள். 4,000 வெள்ளியை 26 நாளுக்கு வகுத்து, அதை 8 மணி நேரத்துக்கு வகுத்து, ஒன்றரை மடங்காக்கினால் ஒரு மணி நேர ஓவர்டைம் 28.85 வெள்ளி. மாதம் 20 மணி நேரம் கூடுதலாக வேலை செய்தால் 577 வெள்ளி. சம்பளத்தோடு சேர்த்து 4,577. பக்கத்து மேசையில் அதே 20 மணி நேரம் இருந்துவிட்டுப் போகும் 4,100 வெள்ளி 'எக்சிகியூட்டிவ்'க்கு 4,100தான். "இந்தப் பிரமோஷன் வேண்டாம்னு சொல்லலாமாக்கா?" என்று என்னிடமே கேட்கிறார்கள். கேட்பவர்களுக்குக் கணக்குத் தெரியாமல் இல்லை.

தைப்பூசம் எங்களுக்கு விடுமுறை. அன்று அவசரமாக வேலைக்குக் கூப்பிட்டால், வரம்புக்குள் இருப்பவருக்கு விடுமுறைச் சம்பளத்துக்கு மேல் இரண்டு நாள் கூலி. தாண்டியவருக்கு, மேலதிகாரி மனசு வைத்தால் ஏதாவது உண்டு.

சிறு நிறுவனங்கள் தாங்காது என்பார்கள். சில தாங்காமலும் போகலாம். ஆனால் கூடுதல் நேரத்துக்குக் காசில்லை என்றால் அந்த நேரத்தைக் கேட்கக் கூடாது. இராத்திரி ஒன்பது மணிவரை இருக்கச் சொல்லிவிட்டு, செலவை ஊழியரின் வீட்டுக்குத் தள்ளுவது என்ன நியாயம்?

மற்ற வரம்புகளெல்லாம் நகர்ந்துகொண்டுதான் இருக்கின்றன. சொக்சோ எனும் தொழிலாளர் சமூகப் பாதுகாப்பு நிறுவனத்துக்குக் கட்டும் சந்தாவுக்கான சம்பள வரம்பு 2024 அக்டோபரில் 5,000இலிருந்து 6,000 ஆனது. குறைந்தபட்சச் சம்பளம் 2025 பிப்ரவரியில் 1,500இலிருந்து 1,700 ஆனது. இந்த 4,000 மட்டும் அப்படியே நிற்கிறது. சொக்சோவுக்கு 6,000 சரியென்றால் ஓவர்டைமுக்கும் 6,000 ஆகட்டும். அதன் பிறகு, குறைந்தபட்சச் சம்பளத்தை மறுஆய்வு செய்யும்போதெல்லாம் இதையும் பாருங்கள்.

அதைவிட முக்கியமானது, வரம்பைத் தாண்டியதும் சுழியம் என்ற விதி. எந்தத் தொகையை வைத்தாலும் அதற்கு ஒரு வெள்ளி மேலே வாங்குபவர் பாதிக்கப்படுவார். எனவே தாண்டியவருக்கும் ஓவர்டைம் உண்டு, அதை வரம்புத் தொகையை வைத்தே கணக்கிடலாம் என்று மாற்றுங்கள். 9,000 வாங்குபவருக்கும் 4,000 வெள்ளிக்குரிய மணிக்கூலிதான் கிடைக்கும்; முதலாளிக்கும் செலவு கட்டுக்குள் இருக்கும். வரம்பை உயர்த்த நாளாகும் என்றால் இதையாவது அடுத்த திருத்தத்தில் சேருங்கள்.

இப்படிக்கு,
சம்பளப் பிரிவு ஊழியர் ஒருவர்,
பினாங்கு